விருப்பாச்சிப் பழமும் வேலு நாச்சியார் தூதும்



ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குச் சரக்கெடுக்கப் போகும் நம்மவர்களுக்கு விருப்பாச்சி என்றதும் நினைவுக்கு வருவது பழம்தான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மலைச்சரிவில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே விளைகிற மலைவாழைக்கு, மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. நன்றாகப் பழுத்தாலும் சீக்கிரம் குழையாது, நீர் விடாது. அதனால்தான் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழத்தைத் தேடினார்கள். விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019ல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப் பூண்டுக்கும் அதே மரியாதை கிடைத்தது. இதெல்லாம் நாம் அறிந்த செய்திகள்.

ஆனால் திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் தாண்டிப் பழனிக்குப் போகும் சாலையில் இருக்கிற அந்த ஊருக்கு இன்னொரு பெருமை உண்டு. இருநூறு வருடங்களுக்கு முன் தென்னாட்டின் பெரிய பெரிய காரியங்கள் அங்கேதான் பேசி முடிவாயின. யாரோடு சேருவது, யாரை நம்புவது, யாருக்கு ஓலை அனுப்புவது, எந்த நாளில் இறங்குவது என்று அந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்து யோசித்தார்கள். ராஜதந்திரம் என்று சொல்கிறோமே, அதற்கு நம் பழனி மலையடிவாரம் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

பலசரக்குக் கடைக்காரனுக்கும் ராஜதந்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். பெரிய பாக்கி வைத்திருக்கும் வாடிக்கையாளரிடம் கோபப்படாமல் கேட்டு வாங்குகிறோம். விலை ஏறும் என்று தெரிந்த மொத்த வியாபாரியிடம் பழைய விலைக்கே நாலு மூட்டை வாங்கிவிடுகிறோம். அதிகாரியைப் பார்க்கச் சங்கத்தின் சார்பில் நாலு பேரை அனுப்புகிறோம். இதெல்லாம் என்ன? படைபலமும் பணபலமும் இல்லாதவன் பேச்சாலும் நம்பிக்கையாலும் காரியம் சாதிப்பதுதான் ராஜதந்திரம். பெரியவர்களுக்கு அது ஒரு வசதி. நம்மைப் போன்ற சிறியவர்களுக்கு அதை விட்டால் வேறு ஆயுதம் இல்லை.

தூது என்னும் தொழில்

தமிழர்களுக்குத் தூது புதிதல்ல. வள்ளுவர் பொருட்பாலில் தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். அது 69ஆவது அதிகாரம். வினைசெயல்வகைக்கு அடுத்து அதை வைத்திருப்பதையும் கவனிக்க வேண்டும். வேலையை எப்படிச் செய்வது என்று சொல்லிவிட்டு, அந்த வேலைக்கு யாரை அனுப்புவது என்று சொல்கிறார். பரிவு, அறிவு, யோசித்துப் பேசும் திறன் ஆகிய மூன்றும் தூதனுக்கு வேண்டும் என்பது அவர் கருத்து. உயிருக்கே ஆபத்து வந்தாலும் அனுப்பியவனுக்கு நன்மை செய்பவனே தூதன் என்றும் சொல்கிறார்.

அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தொண்டைமான் தன் ஆயுதசாலையைப் பெருமையோடு காட்டினான். உங்கள் ஆயுதங்கள் எண்ணெய் பூசிப் புத்தம் புதிதாக இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். புகழ்வது போல் எச்சரித்துவிட்டு வந்தார்.

நம் பழனிக்கே ஒரு தூது உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் இந்தப் பக்கத்து மன்னன். ஆவினன்குடியும் பொதினி மலையும் அவன் நாடு. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். (இவர் சிலப்பதிகாரக் கண்ணகி அல்லர்.) கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நான்கு புலவர்களும் அந்த அம்மாளுக்காகப் பேகனிடம் பேசிய பாடல்கள் புறநானூற்றில் இருக்கின்றன. எங்களுக்குப் பொன்னும் பொருளும் வேண்டாம், நீ வீட்டுக்குப் போ, அதுவே எங்களுக்குப் பரிசு என்பதுதான் அவர்கள் பேச்சின் சாரம். கேட்க வந்த பரிசிலை விட்டுக்கொடுத்துப் பிறருக்காகப் பேசியதால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு வந்தது. தனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறவனின் சொல் எடுபடும். மத்தியஸ்தம் பேசப் போகிறவர்கள் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இது.

தூதும் வியாபாரமும் ஒரே கப்பலில் போனதற்கும் சான்று உண்டு. சோழ மன்னர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனாவுக்குத் தூதுக்குழுக்களை அனுப்பினார்கள். 1077ல் போன குழுவில் 72 பேர் இருந்தார்கள் என்று சீன ஆவணங்கள் சொல்கின்றன. மன்னரின் காணிக்கைப் பொருள் போன கடல்வழியேதான் வியாபாரச் சரக்கும் போயிற்று. தூதனுக்குத் தீங்கு செய்யலாகாது என்பது நம் நாட்டில் பழைய வழக்கம். உலக நாடுகள் கூடி அதை 1961ல் வியன்னாவில் ஒப்பந்தமாகவே எழுதிக்கொண்டன.

இனி விருப்பாச்சிக்கு வருவோம்.

அடைக்கலம் கொடுத்த ஊர்

1772 ஜூன் மாதம் காளையார்கோவிலில் ஒரு பெரும் போர் நடந்தது. ஆற்காட்டு நவாபுக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை வந்தது. சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியார் தம் மகள் வெள்ளச்சியோடு தப்பினார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் துணைக்கு வந்தார்கள். நாடு போயிற்று, அரண்மனை போயிற்று, கஜானா போயிற்று. கையில் இருந்தது நாலு விசுவாசிகளும் பழைய பெயரும் மட்டுமே.

அவர்கள் வந்து சேர்ந்த இடம் விருப்பாச்சி. பாளையக்காரர் கோபால நாயக்கர் அவர்களை ஏற்றுக்கொண்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, எட்டு ஆண்டுகள் அரசி அங்கே பாதுகாப்பாக இருந்தார்.

ஏன் விருப்பாச்சி? இதில்தான் ராஜதந்திரத்தின் முதல் பாடம் இருக்கிறது. அன்றைக்குத் திண்டுக்கல் சீமை மைசூர் ஹைதர் அலியின் கையில் இருந்தது. ஹைதர் 1755ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்து இந்தப் பக்கத்தில்தான் தம் பலத்தை வளர்த்துக்கொண்டார். கம்பெனியும் நவாபும் அந்தச் சீமைக்குள் எளிதில் கை வைக்க முடியாது. பின்னால் பழனி மலை, முன்னால் மைசூர்க் கோட்டை. பகைவனுடைய பகைவனின் எல்லைக்குள், ஆனால் அவனுடைய நேரடிக் காவலில் அல்லாமல் ஒரு பாளையக்காரர் வீட்டில் தங்குவது. கண்ணியமும் காப்பாற்றப்படும், உயிரும் காப்பாற்றப்படும். நல்ல யோசனை.

கோபால நாயக்கருக்கு இதில் கை மேல் லாபம் ஒன்றும் இல்லை. ஓடி வந்த அரசியால் உடனே என்ன திருப்பித் தர முடியும்? ஆனாலும் ஏற்றார். கடை நொடித்துப்போன சக வியாபாரிக்கு எந்தப் பத்திரமும் எழுதி வாங்காமல் ஒரு மூட்டை அரிசி கொடுக்கிற பெரிய மனது நம் கடைத்தெருக்களிலும் உண்டல்லவா? அப்படிக் கொடுத்ததற்கு வட்டி எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆனால் அது வீண் போகாது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பத்தாயிரம் பேர் கேட்டு ஒரு கடிதம்

தாண்டவராய பிள்ளை சிவகங்கையில் நீண்ட காலம் பிரதானியாக இருந்து பழுத்த அனுபவசாலி. அவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. தோற்று வந்த அதே 1772ன் இறுதியில் அரசியின் சார்பில் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதினார். 5,000 காலாட்படையும் 5,000 குதிரைப்படையும் உதவிக்கு வேண்டும் என்று கேட்டார்.

நண்பர்களே, அந்தக் கடிதத்தின் அழகைப் பாருங்கள். தங்களால் இயன்றதைச் செய்யுங்கள் என்று குழைந்து எழுதவில்லை. இத்தனை காலாள், இத்தனை குதிரை என்று கணக்காகக் கேட்டார். எல்லாம் போனவர்கள் கேட்கும் கேள்வியாக அது இல்லை. சரக்கின் அளவும் தரமும் தெரிந்தவன் போடும் ஆர்டர் போல இருந்தது. கேட்பவன் தன் தேவையைத் தெளிவாகச் சொன்னால்தான் கொடுப்பவனுக்கு நம்பிக்கை வரும்.

அந்தப் பெரியவர் காரியம் முடிவதைப் பார்க்காமலே காலமானார். பிறகு அரசியே நேரில் ஹைதரிடம் பேசினார். எப்படிப் பேசினார்? உருதுவில் பேசினார். கம்பெனியாலும் நவாபாலும் தமக்கு நேர்ந்ததை எல்லாம் ஹைதருக்குப் பழக்கமான மொழியிலேயே விளக்கமாகச் சொன்னார். ஹைதர் வியந்தார். திண்டுக்கல் கோட்டையில் இருந்த தம் தளபதி சையதுக்கு, வேண்டிய படை உதவி செய்யும்படி உத்தரவிட்டார்.

தன் மொழியில் பேசுகிறவரிடம் எவருக்கும் ஒரு ஒட்டுதல் வரும். கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரத்து வியாபாரிகள் மலையாளம் பேசக் கற்றுக்கொண்டது ஏட்டுப் படிப்பால் அல்ல. எதிரே இருப்பவரின் மனதைத் திறக்கும் சாவி அவருடைய மொழி என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டார்கள்.

எட்டு வருடக் காத்திருப்பு

உதவி உறுதியானாலும் உடனே படை புறப்பட்டுவிடவில்லை. 1772ல் தோற்ற அரசி 1780ல்தான் சிவகங்கைக்குத் திரும்பினார். இடையில் ஏன் இத்தனை வருடங்கள்?

இங்கே ஹைதரின் நிலைமையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். 1769ல் ஹைதரும் கம்பெனியும் சென்னையில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். ஒருவர் மீது யாராவது படையெடுத்தால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அதன்பின் மராத்தியர்கள் மைசூர் மீது பாய்ந்தபோது ஹைதர் கம்பெனியை உதவிக்கு அழைத்தார். கம்பெனி வரவில்லை. கையெழுத்துப் போட்ட சொல்லைக் காப்பாற்றவில்லை. அந்தக் காயம் ஹைதரின் மனதில் ஆறவே இல்லை. 1779ல் கம்பெனி மாஹேயைப் பிடித்தது. மைசூருக்குத் தளவாடங்கள் வந்த துறைமுகம் அது. இதனால் கோபம் இன்னும் முற்றியது. மராத்தியரோடும் நிஜாமோடும் இருந்த பழைய பகையை ஒதுக்கிவைத்து, கம்பெனிக்கு எதிராக மூவரும் கைகோத்தனர். 1780 ஜூலையில் ஹைதர் கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார்.

அதே ஆண்டில்தான் வேலு நாச்சியாருக்கும் நேரம் வந்தது. மருது சகோதரர்களும் மைசூர்ப் படை உதவியும் துணை நிற்க, தம் நாட்டை மீட்டார். ஹைதருக்கு இரக்கம் மட்டும் இருந்திருந்தால் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பார். அரசியின் தேவையும் ஹைதரின் தேவையும் ஒரே இடத்தில் சந்தித்தபோதுதான் காரியம் நடந்தது. அந்தச் சந்திப்பு வரும்வரை பொறுத்திருந்தார் நாச்சியார். சோம்பி இருக்கவில்லை, ஆள் சேர்த்தார், படை பழக்கினார். பருவம் வருமுன் அறுக்கவும் இல்லை, பருவம் வந்தபோது உறங்கவும் இல்லை.

நாடு மீண்டவர் பல ஆண்டுகள் ஆண்டு 1796ல் மறைந்தார். 2008 டிசம்பரில் அவர் நினைவாக இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது.

எங்கோ போட்ட கையெழுத்து

இனி விருப்பாச்சிக்குச் சோதனைக் காலம். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் கம்பெனியோடு உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. விட்டுக்கொடுத்த பகுதிகளில் திண்டுக்கல் சீமையும் ஒன்று. நேற்று வரை மைசூர் நிழலில் இருந்த பாளையங்கள் விடிந்தபோது கம்பெனிக்குக் கீழே வந்துவிட்டன. கோபால நாயக்கரை யாரும் கேட்கவில்லை.  வேறெங்கோ ஒரு கூடாரத்தில் போட்ட கையெழுத்து அவர் தலையெழுத்தை மாற்றிவிட்டது.

இன்றும் அப்படித்தானே! 1998 டிசம்பரில் இந்தியாவும் இலங்கையும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்தன. 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. கீழ்ப்பழனி மலையில் மிளகு போட்டவர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்ததில்லை. ஆனால் இலங்கை வழியாக வந்த மிளகு அவர்கள் விலையைத் தொட்டது. பிறகு 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை நிர்ணயித்தார்கள். நம் எடைத்தட்டில் ஏறும் மிளகின் விலையில் டில்லியிலும் கொழும்பிலும் பேசியவர்களின் பேச்சும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ராஜதந்திரம் நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் இருந்துவிட முடியாது.

விருப்பாச்சியில் கூடினார்கள்

கோபால நாயக்கர் கைகட்டி நிற்கவில்லை. தம்மைப் போன்ற சிறிய பாளையங்களைச் சேர்த்தார். மணப்பாறை லட்சுமி நாயக்கர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர் முதலியோர் சேர்ந்த திண்டுக்கல் கூட்டணிக்கு அவரே தலைவர். சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களோடு பேச்சு நடந்தது. முன்பு விருப்பாச்சியில் அடைக்கலம் இருந்தவர்கள் அல்லவா அவர்கள்! எட்டு ஆண்டுகள் போட்ட சோற்றுக்கு ரசீது கிடையாது, ஆனால் உறவு இருந்தது. ஆனைமலை யதுல் நாயக்கர் சேர்ந்தார். கொங்கு நாட்டுத் தீரன் சின்னமலை சேர்ந்தார். மலபாரில் கேரள வர்மாவும் மைசூர்ப் பக்கத்தில் கிருஷ்ணப்ப நாயக்கரும் ஒத்துழைத்தார்கள். மொழி வேறு, ஜாதி வேறு, மதம் வேறு என்றிருந்தவர்களை ஒரு சங்கிலியில் கோத்தது சாதாரணக் காரியமா?

1799 மே மாதம் திப்பு வீழ்ந்தார். அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். இனிப் பொறுப்பதில் பயனில்லை என்று 1800 ஏப்ரலில் விருப்பாச்சியில் கூடிப் பேசினார்கள். ஜூன் மாதம் கோவையில் எழுவது என்று முடிவாயிற்று.

முடிவு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செய்தி கம்பெனியின் காதுக்குப் போய்விட்டது. கம்பெனி முந்திக்கொண்டது. கிருஷ்ணப்ப நாயக்கர், கேரள வர்மா ஆகியோர் மீது பாய்ந்து, சேர வேண்டிய படைகள் ஒன்று சேராமல் தடுத்தது. கோவை, சத்தியமங்கலம், தாராபுரம் பகுதிகளில் பிடிபட்டவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

ஆனாலும் நெருப்பு அணையவில்லை. 1801 ஜூன் மாதம் மருது பாண்டியர் ஓர் அறிக்கை வெளியிட்டார். திருச்சிக் கோட்டையில் நவாபின் மாளிகைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் சுவரிலும் அது ஒட்டப்பட்டது. எல்லா ஜாதியாரையும் எல்லா நாட்டாரையும் விளித்து, கம்பெனிக்கு எதிராக ஒன்றுபடும்படி கேட்டது. மன்னருக்கு மன்னர் ரகசியமாக எழுதும் ஓலையை விட்டு, பொது ஜனங்களுக்கே தூது அனுப்பிய புதுமை அது.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. அவர்களிடம் பீரங்கி இருந்தது. அதைவிடக் கூர்மையாக ஆளைப் பிரிக்கும் வித்தை இருந்தது. சிவகங்கை அரச வம்சத்து கௌரி வல்லப பெரிய உடையத் தேவரை அரசராக அங்கீகரித்து, மருதுவின் பக்கம் நின்றவர்களையே இரண்டாக்கினார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, எட்டயபுரம் மன்னர்கள் கம்பெனி பக்கம் நின்றார்கள். கோபால நாயக்கர் ஆனைமலையில் கடுமையாகப் போராடினார். அங்கே இருந்த விவசாயிகள் அவருக்கு முழு ஆதரவு கொடுத்தார்கள். ஆனாலும் 1801ல் அவர் தோற்கடிக்கப்பட்டு உயிரிழந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னமலைக்குச் சங்ககிரியில் 1805ல் அதே முடிவு.

மலையுச்சியில் ஒரு விருந்தாளி

அடிவாரத்தின் கதை இது. மலை மேலே கொடைக்கானலுக்கும் ஒரு கதை உண்டு.

1965ல் காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லா ஹஜ் யாத்திரை புறப்பட்டுப் பல நாடுகளுக்கும் சென்றார். அல்ஜியர்ஸ் நகரில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். சீனாவோடு போர் நடந்து மூன்றே வருடம் ஆகியிருந்த சமயம். நாடு கொதித்தது. திரும்பியதும் அவர் காவலில் வைக்கப்பட்டார். முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். அவர் இருந்த கோஹினூர் பங்களாவை இன்றும் காட்டுகிறார்கள். பனி பிறந்த நாட்டிலிருந்து வந்தவர் நம் மலைப் பனியில் காவலில் இருந்தார். 1968 தொடக்கத்தில்தான் விடுதலையானார்.

கதை அங்கே முடியவில்லை. சில வருடங்களில் டில்லிக்கும் அவருக்கும் மறுபடி பேச்சு தொடங்கியது. ஷேக்கின் சார்பில் மிர்ஸா அப்சல் பேக் பேசினார். பிரதமர் இந்திரா காந்தியின் சார்பில் பேசியவர் நம் தமிழர் ஜி. பார்த்தசாரதி. சீனா, பாகிஸ்தான், ஐக்கிய நாடுகள் சபை என்று கடினமான இடங்களிலெல்லாம் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர். அவருடைய தந்தை என். கோபாலசாமி ஐயங்கார் முன்பு காஷ்மீர் சமஸ்தானத்தின் திவான். 1948ல் ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர் தலைமையில் போன குழுவில் ஷேக் அப்துல்லாவும் ஓர் உறுப்பினர்! பேச்சு வார்த்தை வருடக்கணக்கில் நடந்து உடன்பாடு ஏற்பட்டது. 1975 பிப்ரவரியில் ஷேக் அப்துல்லா மாநில முதலமைச்சரானார்.

அந்த உடன்பாடு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நாம் போகவில்லை. நமக்கு வேண்டியது ஒன்றுதான். கொடைக்கானலில் பூட்டி வைத்த மனிதரோடேயே ஏழு வருடத்தில் உடன்பாடு செய்ய வேண்டியிருந்தது. எவ்வளவு கசப்பு இருந்தாலும் திரும்பிப் பேச ஒரு கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். பாக்கி வைத்துப் போனவன் மறுபடி நம் கடைப்படி ஏறக் கூச்சப்படும் அளவுக்குத் தெருவில் நின்று ஏசிவிட்டால், பாக்கியும் போகும், ஆளும் போவான்.

நம் கடைத்தெருவுக்கு வருவோம்

இவ்வளவும் எழுதிய நாம் ஒரு சொந்த அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பெனி சில்லறைக் கடைகளுக்குத் தரும் மார்ஜினைக் குறைத்தது. நம் கடைத்தெருவில் எல்லோரும் கூடினோம். திங்கட்கிழமை முதல் அந்தக் கம்பெனியின் சரக்கை யாரும் எடுப்பதில்லை என்று முடிவெடுத்தோம். கை தூக்கினோம், கை தட்டினோம், டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். யார் போய்க் கம்பெனியிடம் பேசுவது, எதுவரை விட்டுக்கொடுப்பது, எத்தனை நாள் தாங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. சனிக்கிழமையே ஏஜென்சிக்குச் செய்தி போய்விட்டது. ஞாயிறு இரவு வேன் வந்தது. நாலு கடைகளுக்கு மட்டும் ஒரு மாதக் கடனில் சரக்கு, மேற்கொண்டு பெட்டிக்கு இரண்டு பெட்டி இலவசம் என்றார்கள். நாலு கடைகளும் இறக்கிக்கொண்டன. புதன்கிழமைக்குள் கட்டுப்பாடு காற்றில் போயிற்று. குறைந்த மார்ஜின் குறைந்ததுதான்.

அந்த நாலில் ஒரு கடை நம்முடையது.

அப்போது நமக்குப் பணமுடை. கல்லாவில் காசில்லை, வீட்டில் செலவு. காரணம் இருந்தது. ஆனால் கௌரி வல்லபரிடம் கேட்டால் அவரும் ஒரு காரணம் சொல்லியிருப்பார். அவர் அரச வம்சம், அவருக்கும் உரிமை உண்டு. பிரிக்க வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. நம் பலவீனம் எது என்று தெரிந்து, அதற்கு மருந்து கொண்டு வருகிறான். நம் சங்கத்துக்கு அது தெரிந்திருந்தால், பணமுடை உள்ள நாலு கடைகளுக்கு ஒரு மாதம் தாங்கும் கடனை நம் பொது நிதியிலிருந்தே முதலில் கொடுத்திருக்கும். விருப்பாச்சிக்காரர் அடைக்கலத்தைத்தான் முதலில் கொடுத்தார், போர் அதற்குப் பிறகுதான் வந்தது. நாம் தலைகீழாகச் செய்தோம்.

2012ல் பல பொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்கு மத்திய அரசு வழி திறந்ததும், 2017ல் ஜி.எஸ்.டி. வந்ததும், இன்று செல்போனில் ஆர்டர் கொடுத்தால் சில நிமிடங்களில் பருப்பும் உப்பும் வீட்டுக்கு வருவதும் நாம் அறிந்தவை. இவற்றை எதிர்கொள்ளத் தனிக் கடையால் ஆகாது. சங்கமாகப் போய்ப் பேசத்தான் வேண்டும். ஆகவே நண்பர்களே, அடுத்த முறை மனுக் கொடுக்க நாலு பேரை அனுப்பும்போது சத்தமாகப் பேசுகிறவரை மட்டும் பார்த்து அனுப்பாதீர்கள். எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள். தாண்டவராய பிள்ளை போல் கணக்காகக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும். தனக்கென்று ஒன்றும் கேட்காதவர் வேண்டும். போய் வந்து நடந்ததை நடந்தபடி சொல்பவர் வேண்டும். கூட்டத்தில் எடுத்த முடிவு உரிய நாள் வரை கூட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நம்மில் நலிந்த கடை எது என்று நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை விருப்பாச்சிப் பழம் ஒரு தார் வாங்கிக் கடை முன் கட்டும்போது, அந்த ஊர்ப் பாளையக்காரர் எல்லாம் இழந்து வந்த ஓர் அரசிக்கு எட்டு வருடம் சோறு போட்டதையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். நம் பக்கத்துக் கடைக்காரருக்கு இந்த மாதம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வியாபாரத்தைத் தொடங்குவோம்.